ஏரி ஒன்று, மதகு இரண்டு

கள்ளக்குறிச்சியில் என் பெரியம்மா இருக்கிறாள். வயது எழுபத்தாறு. கண்ணில் புரை எடுத்த பிறகு பார்வைக்குக் குறைவில்லை. காது மட்டும் கொஞ்சம் மந்தம். பெரியப்பா காலமானதிலிருந்து பின்கட்டு அறைதான் அவளுக்கு உலகம். அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மர பீரோ, ஒரு டெலிவிஷன் பெட்டி. மாலை விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தால், ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை அவளுக்கு இரண்டு தொடர்கதைகள் உண்டு. அந்தக் கதைகளில் வரும் மாமியார்களையும் நாத்தனார்களையும் பற்றி அடுத்த வீட்டுப் பெண்மணிகளைப் பற்றிப் பேசுவது போலவே பேசுவாள்.

இந்தத் தடவை நான் போயிருந்தபோது, ஏழு மணிக்கு அவள் அறையில் விளக்குக்கூட எரியவில்லை. பெரியம்மா கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“என்ன பெரியம்மா, கதை பாக்கலையா?” என்றேன்.

“அதை விட்டுட்டேன் கண்ணு. எனக்கு அதெல்லாம் சரிப்படல” என்றாள்.

எனக்கு ஆச்சரியம். மெல்லத் துருவிக் கேட்டேன். விஷயம் இதுதான். மொட்டை மாடியில் ஒரு டிஷ் இருக்கிறது. முதலில் கூடத்தில் இருக்கும் பெட்டிக்கு மட்டும் அதிலிருந்து ஒயர் வந்தது. ஒரு வருஷத்துக்கு முன் பெரியம்மா அறைக்கும் ஒன்று வேண்டுமென்று அண்ணன் ஓர் ஆளைக் கூப்பிட்டுச் சொன்னான். அந்த ஆள் வந்தார். வந்து கொண்டிருந்த ஒயரை வெட்டினார். நடுவில் விரல் நீளத்துக்கு ஒரு சின்ன உலோகத் துண்டை வைத்தார். அதிலிருந்து இரண்டு ஒயராகப் பிரித்து ஒன்றைக் கூடத்துக்கும் ஒன்றைப் பின்கட்டுக்கும் விட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது வினை. மத்தியான வேளையில் பெரியம்மாவின் பெட்டி பிரமாதமாக வேலை செய்யும். சாயங்காலம் ஆனதும் கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே படம் உறைந்து நின்று, ‘சிக்னல் இல்லை’ என்று எழுத்து வரும். சில நாள் வராது. சில நாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் வரும்.

“அத்தை ரிமோட்டுல எதையாவது அமுக்கிடறாங்க. கூடத்துல நல்லாத்தானே ஓடுது?” என்றாள் அண்ணி. அவள் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள்.

“வயசானா அப்படித்தான்” என்றான் அண்ணன்.

பெரியம்மாவும் அதை நம்பிவிட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “என் விரல்தான் சரியில்ல கண்ணு. எதை அமுக்கறேன்னே எனக்குத் தெரியல. எதுக்கு எல்லாருக்கும் தொந்தரவு?” என்று சொல்லிவிட்டு, ரிமோட்டை ஒரு பழைய கைக்குட்டையில் சுற்றி பீரோவில் வைத்துவிட்டாள். அறுபது வருஷம் அந்த விரல்களால் அளந்து போட்டுச் சமைத்தவள் அவள். உப்பு ஒரு கல் கூடினதில்லை. அந்த விரல்களின் மேல் அவளுக்கே நம்பிக்கை போய்விட்டது.

குற்றவாளி அந்த விரல்கள் அல்ல என்று எனக்கு மறுநாள் தெரிந்தது. அதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு மலை ஏற வேண்டியிருந்தது.

மலை மேல் கிடைத்த விடை

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. 2019-ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது, மலையின் இந்தப் பக்கமும் அதனோடு வந்தது. மறுபக்கத்தில் கருமந்துறை முதலிய ஊர்கள் சேலம் மாவட்டத்தில் இருக்கின்றன. கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையின் ஓரமாகச் சென்று, வளைந்து வளைந்து ஏறினால் வெள்ளிமலை. சாமையும் மரவள்ளியும் விளையும் பூமி. கடுக்காய்க்குப் பேர் போன காடு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம். நெடுங்காலம் ஜாகீர்தார்களின் ஆட்சியில் இருந்த இந்த மலை, 1976-ஆம் ஆண்டில்தான் முழுவதும் அரசாங்க நிர்வாகத்துக்குள் வந்தது.

அண்ணனோடு அங்கே ஒரு சிநேகிதர் வீட்டுக்குப் போயிருந்தேன். மலை ஊர்களில் வீடுகள் நெருக்கமாக இருப்பதில்லை. இங்கே நான்கு, சரிவுக்கு அப்பால் மூன்று என்று சிதறிக் கிடக்கும். இத்தனை தூரத்துக்குக் கம்பம் நட்டு கேபிள் இழுத்தால் யாருக்குக் கட்டுபடியாகும்? அதனால் வீட்டுக் கூரைகளில் டிஷ் குடைகளே அதிகம் தென்பட்டன.

நாங்கள் போன வீட்டில் அண்ணன் தம்பி இருவர் ஒரே முற்றத்தைச் சுற்றி இரண்டு குடித்தனம். டிஷ் என்னவோ ஒன்றுதான். ஆனால் இந்த வீட்டில் சினிமாப் பாட்டும், அந்த வீட்டில் செய்தியும் ஏககாலத்தில் ஓடிக்கொண்டிருந்தன! ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

எனக்குப் பெரியம்மாவின் ஞாபகம் வந்தது. டிஷ்ஷை மாட்டிக் கொடுத்த இளைஞரும் அங்கேதான் இருந்தார். அவரிடம் எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கூடத்து டி.வி. நிறுத்தியிருக்கும்போது உங்க பெரியம்மா டி.வி. நல்லா ஓடுமா அக்கா?”

“ஆமாம், மத்தியானத்தில் நன்றாக ஓடும்.”

“அப்ப அவங்க மேல தப்பில்ல. வாய்க்காலு ஒண்ணு, காடு ரெண்டு. மேலக்காட்டுக்காரன் மடையைத் திருப்பினா கீழக்காட்டுக்குத் தண்ணி வருமா?”

இவ்வளவுதான் அவர் சொன்னது. பிறகு ஏணி வைத்து ஏறி, டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டிருந்த மூக்கை எனக்குக் காட்டினார். எங்கள் வீட்டு மூக்குக்கு ஒயர் மாட்ட ஒரு வாய். இந்த மூக்குக்கு இரண்டு வாய். இரண்டிலிருந்தும் தனித்தனி ஒயர் இறங்கி, தனித்தனி வீட்டுக்குப் போயிற்று. ரகசியம் முழுவதும் அதில்தான் இருந்தது.

மடையைத் திருப்புவது யார்?

சகோதரிகளே, மாடியில் இருக்கும் அந்தத் தட்டு என்ன செய்கிறது என்று நாம் என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? மாதம் பிறந்தால் பணம் கட்டுகிறோம், மழை வந்தால் திட்டுகிறோம், அதோடு சரி.

பூமத்திய ரேகைக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக் கோள்கள் நிற்கின்றன. நிற்கின்றன என்று சொன்னாலும், அவை பூமியோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றுகின்றன. அதனால் நம் கண்ணுக்கு ஒரே இடத்தில் நிற்பது போல் ஆகிறது. உதாரணமாக, தூர்தர்ஷனின் கட்டணமில்லா டிஷ் சேவை வருகிற ‘ஜிசாட்-15’ என்ற நமது கோள், 2015-ஆம் ஆண்டு நவம்பரில் ஏவப்பட்டது. அது கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், அந்தமானுக்கு நேர் தெற்கே, சுமாத்ராவுக்கு மேற்கே கடலின் மேல் இருக்கிறது. கள்ளக்குறிச்சியிலிருந்து கணக்குப் போட்டுப் பார்த்தால் தென்கிழக்குத் திசையில், தரையிலிருந்து ஏறத்தாழ 68 பாகை உயரத்தில் வருகிறது. அதாவது, அண்ணாந்து பார்க்கும் உயரம்! மேற்கே நிற்கும் மலை அதை மறைக்காது. மலைக்குள்ளே பள்ளத்தில் இருக்கும் வீட்டுக்கும் பெரும்பாலும் மறைவு இல்லை. பக்கத்தில் ஒரு பலாமரம் கிளை பரப்பி நின்றாலொழிய, வானம் எல்லாருக்கும் பொதுதான்.

அங்கிருந்து வரும் அலை மிக மிக மெல்லியது. தட்டு அதைச் சேர்த்துக் குவித்து முன்னால் இருக்கும் மூக்கில் விழச் செய்கிறது. அந்த மூக்குக்கு எல்.என்.பி. என்று பெயர். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது. மெல்லிய அலையை லட்சம் மடங்குக்கும் மேலாகப் பெருக்குகிறது. அதோடு, ஒயரில் ஓட முடியாத அத்தனை வேகமான அந்த அலையை, ஒயரில் ஓடக்கூடிய வேகத்துக்குக் குறைத்து அனுப்புகிறது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். கிணற்றுக் கயிற்றை ஒரு முனையில் பிடித்து மேலும் கீழுமாக ஆட்டினால் ஒரு விதமாக நெளியும். பக்கவாட்டில் ஆட்டினால் இன்னொரு விதமாக நெளியும். வானத்திலிருந்து வரும் அலைகளும் இப்படி இரண்டு வகை. நெட்டை அலை ஒன்று, படுக்கை அலை ஒன்று. சில சானல்கள் நெட்டை அலையில் வரும்; சில சானல்கள் படுக்கை அலையில் வரும். ஒரு சமயத்தில் ஒரு வகையைத்தான் சாதாரண மூக்கு ஒயருக்குள் அனுப்பும்.

எதை அனுப்புவது என்று அதற்கு யார் சொல்கிறார்கள்? கீழே இருக்கும் செட்டாப் பாக்ஸ்தான்! நாம் ரிமோட்டை அமுக்கியதும் பாக்ஸ் அதே ஒயர் வழியாக மேலே சிறிது மின்சாரம் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால், ‘நெட்டை அலையைக் கொடு’ என்று பொருள். 18 வோல்ட் அனுப்பினால், ‘படுக்கை அலையைக் கொடு’ என்று பொருள். இது தவிர, மேல் வரிசையா கீழ் வரிசையா என்று கேட்பதற்கு ஒரு மெல்லிய துடிப்பும் உண்டு. விநாடிக்கு 22,000 துடிப்பு இருந்தால் மேல் வரிசை; இல்லாவிட்டால் கீழ் வரிசை.

இப்போது எங்கள் வீட்டைப் பாருங்கள். ஒயர் ஒன்று, மூக்கு ஒன்று, பாக்ஸ் இரண்டு. பெரியம்மாவின் பாக்ஸ், ‘பதின்மூன்று’ என்கிறது. கூடத்து பாக்ஸ், ‘பதினெட்டு’ என்கிறது. நடுவில் இருக்கும் அந்த உலோகத் துண்டுக்கு நியாயம் தெரியாது. எது பெரிய குரலோ அதைத்தான் மேலே அனுப்பும். பதினெட்டு ஜெயித்துவிடும். பதின்மூன்று கேட்டவளின் படம் அதே நொடியில் போய்விடும். கூடத்தில் இருப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அவர்கள் படம்தான் நன்றாக ஓடுகிறதே!

கூடத்திலும் நெட்டை அலைச் சானலாக வைத்துவிட்ட நாட்களில் இரண்டும் ஓடின. மத்தியானத்தில் கூடத்துப் பெட்டி ஓய்ந்திருந்தபோது பெரியம்மாவின் பேச்சு எடுபட்டது. சாயங்காலம் எல்லாரும் வீடு திரும்பி, ஆளுக்கொரு சானல் மாற்ற ஆரம்பித்ததும் அவள் கதை அறுந்து அறுந்து போயிற்று. ஒவ்வொரு தடவையும் யார் யாரோ மடையைத் திருப்பினார்கள். பழி மட்டும் பெரியம்மாவின் விரலுக்கு!

ஊருக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று

ஒரு டிஷ்ஷைப் பலர் பங்கு போட்டுக்கொள்வது இன்று நேற்றைய கதை அல்ல. டிஷ் பிறந்த நாளிலிருந்தே அது பங்குப் பொருளாகத்தான் இருந்தது.

பூமியோடு சேர்ந்து சுற்றும் கோள்களை வைத்து உலகம் முழுவதும் செய்தி பரப்பலாம் என்று 1945-ஆம் ஆண்டிலேயே ஒரு பத்திரிகையில் எழுதியவர் ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கிலேய எழுத்தாளர். அவர் பிற்பாடு இலங்கைக்கு வந்து குடியேறினார். முப்பது வருஷம் கழித்து, 1975-ஆம் ஆண்டில், நமது விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்துப் பொறியாளர்கள் கொழும்புக்குப் போய் அவர் வீட்டிலேயே ஒரு டிஷ்ஷை நிறுவிக் கொடுத்தார்கள். தாம் கனவு கண்டதைத் தம் வீட்டிலேயே உட்கார்ந்து பார்க்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அந்த வருஷம்தான் இந்தியாவில் ஒரு பெரிய பரீட்சை நடந்தது. அமெரிக்காவின் ‘ஏ.டி.எஸ்.-6’ என்ற கோளை இரவல் வாங்கி, 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு நேரடியாக டெலிவிஷன் நிகழ்ச்சிகளை அனுப்பினார்கள். பத்தடி அகலத்தில், கோழிக்கூண்டுக்குப் போடும் கம்பி வலையினாலேயே டிஷ் செய்தார்கள். ஊருக்கு ஒரு டிஷ், ஒரு பெட்டி. அதன் முன்னால் ஊரே உட்கார்ந்தது. தமிழ்நாடு அந்த ஆறு மாநிலங்களில் இல்லை. ஆனாலும் அதே 1975 ஆகஸ்டு 15-ஆம் தேதி சென்னையில் தரைவழி டெலிவிஷன் நிலையம் தொடங்கிற்று. தரைவழி அலைக்கு மலை குறுக்கே நிற்கும். வானிலிருந்து வருவதற்கு அந்தத் தடை கிடையாது. மலைக்காரர்களுக்கு டிஷ் ஏன் உற்ற துணையாயிற்று என்பது இதிலிருந்தே விளங்கும்.

அடுத்தது தெருவுக்கு ஒரு டிஷ் வந்த காலம். 1991-ஆம் ஆண்டு வளைகுடா யுத்தத்தைப் பெரிய ஓட்டல்களில் டிஷ் வைத்துப் பார்த்தார்கள். அதே வருஷம் ஸ்டார் டி.வி. வந்தது. 1993 ஏப்ரல் 14-ஆம் தேதி, சித்திரை பிறந்த அன்று, சன் டி.வி. பிறந்தது. எட்டடி, பத்தடிக் குடையை ஒருவர் தம் மாடியில் வைத்து, தென்னைமரத்துக்கு மரம் ஒயர் கட்டித் தெரு முழுவதும் கொடுத்த காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். அது பலருக்கு ஒரே டிஷ். அங்கே ஏன் சண்டை வரவில்லை? ஏனென்றால், கேபிள்காரர் ஒவ்வொரு சானலுக்கும் தனித்தனிக் கருவி வைத்து, எல்லாவற்றையும் ஒயரில் வரிசையாக ஏற்றி அனுப்பினார். நம் பெட்டி எதையும் மேலே கேட்பதில்லை. வந்ததில் வேண்டியதை எடுத்துக்கொண்டது. அத்தனை கருவிகளும் கேபிள்காரர் அறையில் இருந்தன. அந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த 1995-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. கேபிள்காரர்கள் தலைமைத் தபாலாபீஸில் பெயரைப் பதிவு செய்துகொண்டது அதன்படிதான்.

அதற்கப்புறம் வீட்டுக்கு ஒன்று. 2003-ஆம் ஆண்டில் கட்டண டிஷ் சேவை இந்தியாவில் ஆரம்பமாயிற்று. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் கட்டணமில்லாச் சேவை வந்தது. 2006-ஆம் ஆண்டில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, வசதியில்லாத வீடுகளிலும் பெட்டி வர வழி செய்தது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒலிபரப்போ 2022-க்குள் பெரும்பாலும் நின்றுவிட்டது. ஊர் முழுவதும் உட்கார்ந்து பார்த்தது போய், தெருவோடு பார்த்தது போய், ஒரே வீட்டில் அறைக்கொரு பெட்டி என்று வந்து நிற்கிறோம். வீட்டு டிஷ்ஷில் பங்கு கேட்கும்போதுதான் இந்தப் பதின்மூன்று, பதினெட்டுத் தகராறு கிளம்புகிறது.

என்ன செய்யலாம்?

இனி, நம் வீட்டுக்கு வேண்டிய காரியத்தைப் பார்ப்போம்.

டிஷ்ஷை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. இரண்டாவது டிஷ் வாங்குவது இன்னோர் ஏரி வெட்டுவது போல, அது வேண்டியதில்லை. வேண்டியது இன்னொரு மதகு.

இரண்டு அறைகளுக்கு இரட்டை வாய் எல்.என்.பி. போதும். பழைய மூக்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதை மாட்ட வேண்டும். விலை சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு வாயும் தனக்கு வந்த உத்தரவை மட்டும் கேட்கும். கூடத்தில் பதினெட்டு என்றாலும் பின்கட்டில் பதின்மூன்று என்றாலும் இரண்டும் நடக்கும். ஆனால் ஒன்று: ஒவ்வொரு வாயிலிருந்தும் தனி ஒயர் அந்தந்த அறைக்கு நேராக வர வேண்டும். மாடியில் இரண்டாகப் பிரித்து வழியில் ஒன்றாக முடிந்துவிட்டால் பழைய குருடி கதைதான்.

நான்கு அறை என்றால் நான்கு வாய் வைத்ததும் கிடைக்கிறது. அடுக்குமாடிக் கட்டடமானால் அதுவும் போதாது. அங்கே மூக்கிலிருந்து நான்கு வகை அலைகளையும் நான்கு ஒயர்களில் இறக்கி, ‘மல்ட்டி ஸ்விட்ச்’ என்ற பெட்டிக்குள் விடுவார்கள். அதிலிருந்து வீட்டுக்கொரு ஒயர் போகும். எந்த வீடு எதைக் கேட்டாலும் அந்தப் பெட்டியே எடுத்துக் கொடுத்துவிடும். ஒரே ஒயரில் ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒரு தனிப் பாதை ஒதுக்கும் முறையும் உண்டு. 2007-ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் அதற்குத் தரம் வகுத்தார்கள். சுவரை இடித்து ஒயர் இழுக்க முடியாத வீடுகளுக்கு அது ஏற்றது. ஆனால் அதற்குத் தகுந்த பாக்ஸ் வேண்டும்.

இரண்டு அறையிலும் ஒரே நிகழ்ச்சிதான் பார்ப்போம் என்றால், இத்தனை வேலையும் வேண்டாம். ஒரே பாக்ஸின் படத்தையே இன்னொரு பெட்டிக்கும் ஒயர் போட்டுக் காட்டிவிடலாம். ஆனால் அப்படி ஒற்றுமையான குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை!

அப்படியானால் அந்த உலோகத் துண்டு எதற்குத்தான் விற்கிறார்கள் என்று கேட்பீர்கள். இரண்டு பாக்ஸும் எப்போதும் ஒரே வகை அலையையே கேட்கிற வீட்டில் அது தகராறு செய்யாது. அதனால்தான் ஒரு வீட்டில் அது ஒழுங்காக நடக்கிறது. அடுத்த வீட்டில் மாமியார் மருமகள் சண்டை மூட்டுகிறது. கேபிள் டி.வி.க்கென்று விற்கும் பழைய துண்டோ டிஷ் ஒயருக்குப் பொருந்தவே பொருந்தாது.

பணம் கட்டும் சேவையானால் இன்னொரு விஷயம் உண்டு. இரண்டாவது பாக்ஸும் அந்தக் கம்பெனியில் உங்கள் பெயரில் பதிவாக வேண்டும். அதற்கும் மாதக் கட்டணம் உண்டு, பெரும்பாலும் முதல் பெட்டியை விடக் குறைவாக. கட்டணமில்லாச் சேவையானால் பாக்ஸ் வாங்கும் செலவோடு சரி. நம் டிஷ்ஷிலிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் ஒயர் விட்டுக் காசு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள் அந்த யோசனையை விட்டுவிட வேண்டும். அது கேபிள் தொழில்; அதற்குச் சட்டப்படி பதிவு வேண்டும். கட்டண டிஷ் சேவை அந்தந்தச் சந்தாதாரரின் வீட்டோடு நிற்க வேண்டியது.

ஆள் வந்து வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, மாடியில் கை வைக்கும் முன் எல்லா பாக்ஸையும் பிளக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். ஒயரில் மின்சாரம் ஏறிக்கொண்டிருக்கும்போது நடுக்கம்பி உறையைத் தொட்டால் பாக்ஸ் பழுதாகலாம். இரண்டாவது, ஒயர் நூறடிக்குள் இருப்பது நல்லது. நீளம் ஏற ஏற வலு குறையும். மூன்றாவது, ஒயர் மாட்டும் முனைகளில் மழைத் தண்ணீர் இறங்காமல் ரப்பர் உறையோ டேப்போ சுற்றச் சொல்லுங்கள். தண்ணீர் உள்ளே போனால் பச்சை பிடித்து ஒரே மழைக்காலத்தில் கெட்டுவிடும். இடி மின்னல் நேரத்தில் பிளக்கை எடுத்துவிடுவது எல்லா ஊருக்கும் நல்லது. மலைப் பக்கத்து ஊர்களுக்கு மிகவும் நல்லது.

ஒன்று மட்டும் எந்த எல்.என்.பி.யாலும் ஆகாது. கனத்த மழை கொட்டும்போது படம் மறைவது மறைவதுதான். டிஷ்ஷுக்கு வரும் அலையை மழைத்துளிகள் விழுங்கிவிடுகின்றன. அந்தப் பத்து நிமிஷம் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசலாமே!

பின்கட்டு அறையில்

மலையிலிருந்து இறங்கி வந்ததும் அண்ணன் வேறோர் ஆளைக் கூப்பிட்டான். மறுநாள் காலை பத்து மணிக்கு அவர் வந்தார். பழைய மூக்கைக் கழற்றி, இரட்டை வாய் வைத்ததை மாட்டி, மாடியிலிருந்து பின்கட்டுக்குப் புதிய ஒயர் இறக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த உலோகத் துண்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். நிறுத்தால் ஒரு தோலா தேறாது. ஒரு வருஷம் ஒரு கிழவியின் மாலைப் பொழுதைத் தின்றது அதுதான்.

“அதைக் கொண்டா, பாக்கறேன்” என்று பெரியம்மா வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “இதுவா?” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் ஏழு மணி. பெரியம்மா பீரோவைத் திறந்து கைக்குட்டையை அவிழ்த்து ரிமோட்டை எடுத்தாள். கூடத்தில் அண்ணன் மகன் வேண்டுமென்றே சானலை மாற்றி மாற்றிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும், “ஆயா, உன்னுது ஓடுதா?” என்று அங்கிருந்து கத்தினான்.

“ஓடுதுடா!”

“இப்ப?”

“ஓடுதுடா! கத்தாத, கதை கேக்கல!”

ஏழெட்டுத் தடவை பரீட்சை நடந்தது. படம் இம்மிகூட அசையவில்லை. பெரியம்மா தன் வலது கையை விளக்குக்கு நேரே நீட்டி, விரல்களை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள். “என் விரல்ல ஒண்ணும் கோளாறு இல்ல, பாத்தியா கண்ணு?” என்றாள்.

அண்ணி கதவருகில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. கூடத்தில் அவளுக்குப் பிடித்த நிகழ்ச்சி ஆரம்பமாகியிருந்தது. ஆனால் அவள் அங்கே போகவில்லை. இரண்டு டம்ளர் காபியோடு உள்ளே வந்து, ஒன்றைப் பெரியம்மாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“ஒரு வருஷமாச்சே அத்தை. கதை எங்க வந்து நிக்குது?” என்றாள்.

“அதை ஏன் கேக்கற, அந்தச் சின்ன மருமக இருக்காளே...” என்று பெரியம்மா ஆரம்பித்தாள்.